லைன்ல இருங்க

அக்கா வீட்டுக்குச் சின்னு வந்து சேர்ந்த அன்று லிப்ட் ஓடவில்லை. லிப்ட் பழுதுபார்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட மனிதர் குடியிருக்கும் கட்டடத்தில் லிப்ட் ஓடவில்லை என்பதை, மாடி ஏறி முடிக்கும்வரை அக்கா சொல்லிக்காட்டிக்கொண்டே வந்தாள். மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், கிடார் பெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது, இந்தக் கனம் கனக்குது? பாட்டையெல்லாம் உள்ள வெச்சு அடைச்சுட்டியா?"

"பாட்டெல்லாம் அங்கயே விட்டுட்டு வந்துட்டேன் மாமா. இது வெறும் மரம்தான்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அக்கா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். 

பழைய ஊரில் சின்னுவுக்கு ஒரு பேர் இருந்தது. எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல், தானே பாட்டெழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி வெளியிடுகிறவள். கூடப் படித்த கீபோர்டுக்காரன் ஒருவன் அவளுக்குத் துணை. ஊரில் பாதிப் பேர் அவர்களைப் புருஷன் பெண்டாட்டி என்றே நினைத்திருந்தார்கள். அதைக் கேட்டால் இருவருக்கும் சிரிப்புத்தான் வரும். போஸ்டரில் அவளுக்குக் 'குயில்' என்று பட்டம் போட்டவன் அவன்தான். அவள் எழுதிய 'ஏணி' என்ற பாட்டு அவர்களை ஊர் ஊராகக் கூட்டிப்போனது. அந்தப் பாட்டில் ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைவிட ஒரு படி மேலே நிற்கும். கடைசிப் படியில் அவள் குரல் போய் நிற்கும் இடத்தைக் கேட்க ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

பிறகு கழுத்தில் ஒரு கட்டி வந்தது. கெட்ட கட்டி இல்லை, ஆனாலும் எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். உச்சக் குரலுக்குப் போகும் நரம்பு சிலருக்கு இதில் சோர்ந்துபோகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், அப்படியே ஆயிற்று. யார்மேலும் தப்பில்லை. அவளால் பேச முடிந்தது, சிரிக்க முடிந்தது, காய்கறிக்காரனோடு சண்டை போட முடிந்தது. 'ஏணி'யின் பாதிப் படிக்கு மேல்தான் ஏற முடியவில்லை. கீழே மட்டும் குரல் கனத்துப்போய், காலியான தொட்டிக்குள் பேசுவதுபோல் கும்மென்று வந்தது. கீபோர்டுக்காரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். கடைசியில் அவளே சொல்லிவிட்டாள்: "வேற ஆளப் பாத்துக்கடா. நான் கோவிச்சுக்க மாட்டேன்." கோபித்துக்கொள்ளவில்லைதான். ஆனால் அவனுடைய புதுப் பாடகி 'ஏணி'யைப் பாடும் வீடியோ கைபேசியில் வந்து விழுந்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா போனில் தங்கையின் குரலைக் கேட்டுவிட்டு, "அங்க உட்காந்துக்கிட்டுக் கழுத்தத் தடவிக்கிட்டிருந்தது போதும். மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பி வா" என்றாள்.

புது ஊரில் அவளைத் தெரிந்தவர் யாருமில்லை. அதுவே ஒரு நிம்மதி என்று முதலில் தோன்றியது. அக்கா வீட்டுத் தெருமுனையில் ஒரு காப்பிக் கடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடலாம் என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். மாமாவின் நச்சரிப்பு தாங்காமல் ஒருநாள் கிடாரைத் தூக்கிக்கொண்டு போனாள். புத்தி கெட்டுப்போய் 'ஏணி'யையே எடுத்தாள். பாதிப் படிவரை நன்றாகத்தான் போயிற்று. அதற்கு மேல் குரல் கீறலாகி, காற்றாகி, நின்றேபோனது. அவள் வெறும் கிடாரை மீட்டிப் பாட்டை முடித்தாள். கை தட்டினார்கள். குழந்தை தடுக்கி விழுந்து எழுந்தால் தட்டுவோமே, அந்த மாதிரி. கடைக்காரர் கேட்காமலே ஒரு கப் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்.

அந்த வெந்நீர்தான் அவளைச் சுட்டது. வீட்டுக்கு வந்து கிடாரை அலமாரிக்கு மேலே, பழைய தலையணைகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். மாமா வாயைத் திறக்கப் போனார். அக்கா கண்ணாலேயே அடக்கினாள்.

வேலை வாங்கித் தந்தது மாமாதான். அவர் லிப்ட் பார்க்கும் கட்டடம் ஒன்றின் நான்காவது மாடியில், குடிநீர் வாரியத்தின் புகார்களைப் போனில் வாங்கும் அறை இருந்தது. ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், லிப்டைத் திறந்துபோட்டுவிட்டு மாடியேறிப் போய், "என் மச்சினி இருக்கா. குரல் கணீர்னு இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

"கணீர்னு இருந்துச்சு மாமா. இப்ப இல்ல."

"போன்ல யாருக்கும்மா தெரியப்போவுது?"

நீளமான அறை. இருபக்கமும் மேசைகள், நடுவில் தடுப்புப் பலகைகள். ஏசி காற்று நேராகத் தலையில் இறங்குகிறதென்று யாரோ அதன் வாயில் அட்டையை ஒட்டியிருந்தார்கள். சுவரில் ஊரின் குழாய்ப் பாதைகள் சிவப்பும் நீலமுமாக நரம்புப் படம்போல் ஓடின. சூப்பர்வைசர் எதற்கும் பதறுகிற மனிதர். பதறாத நேரத்தில் எதற்குப் பதறலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார். சின்னுவுக்குப் பக்கத்து நாற்காலி கண்டக்டர் அக்காவுடையது. உண்மையிலேயே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். முட்டி தேய்ந்துபோய் நிற்க முடியாமல் இந்த வேலைக்கு வந்தவள். அவள் பேசுவது போன் இல்லாமலே மறுமுனைக்குக் கேட்கும்.

"இங்க ஒண்ணே ஒண்ணுதான்" என்று முதல் நாளே பாடம் எடுத்தாள் கண்டக்டர் அக்கா. "திட்டுவாங்க. திட்டு நமக்கில்ல, குழாய்க்கு. குழாய்க்குக் காது இல்லாததனால நம்ம காத வாடகைக்குக் குடுத்திருக்கோம். அவ்வளவுதான்."

திட்டினார்கள். காலையில் பல் விளக்கும் நேரத்தில் தொடங்கி அலை அலையாகத் திட்டினார்கள். ஆனால் சின்னுவின் லைனுக்கு வந்தவர்களுக்கு ஏதோ ஆயிற்று. "லைன்ல இருங்க, பாத்துச் சொல்றேன்" என்று அவள் தன் கனத்த குரலில் சொன்னதும், மறுமுனையில் ஏறிக்கொண்டிருந்த சத்தம் பாலில் தண்ணீர் தெளித்ததுபோல் அடங்கிவிடும். இரண்டாவது வாரத்திலேயே கண்டக்டர் அக்கா இதைக் கண்டுபிடித்துவிட்டாள். கொதித்துக்கொண்டு வரும் அழைப்புகளை எல்லாம் சின்னு பக்கம் தள்ளிவிடத் தொடங்கினாள். அறைக்குள் அவளுக்குப் பேரே 'லைன்ல இருங்க' என்றாகிவிட்டது.

ஒரு மனிதர் நாள்தோறும் அழைப்பார். எடுத்ததுமே, "நான் யார் தெரியுமா?" என்பார்.

"தெரியலயே சார். கனெக்ஷன் நம்பர் சொன்னீங்கன்னா தெரிஞ்சுக்குவேன்."

ஒரு பெண்மணி ஒருநாள் அழைத்தாள். வயதான குரல், அவசரமே இல்லை. "புகார் இல்லம்மா. நேத்து சொன்னேன்ல, தண்ணி வரலன்னு. இன்னிக்குக் காலையில வந்துருச்சு. வந்துருச்சுன்னு சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்."

அதற்கு எந்தப் பட்டனை அமுக்குவதென்று சின்னுவுக்குத் தெரியவில்லை. கணினியில் 'புகார்' என்று ஒன்று இருந்தது, 'வந்துருச்சு' என்று ஒன்று இல்லை. "ரொம்பச் சந்தோஷம்மா" என்றாள். போனை வைத்த பிறகு, அந்த அம்மாள் 'வந்துருச்சு' என்பதை இழுத்த விதம் காதைவிட்டுப் போகவில்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதையே முனகிக்கொண்டு வந்தாள். கீழே, மிகவும் கீழே, நெஞ்சுக்குள்ளேயே சுற்றுகிற ஒரு மெட்டு. அவள் வாழ்நாளில் போட்ட மெட்டெல்லாம் மேலே ஏறுவதற்குத்தான் பிறந்தவை. இது ஏறவே ஆசைப்படவில்லை. இருக்கிற இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. இறங்கும் இடத்தை விட்டுவிட்டு இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் அவளுக்கு நினைவு வந்தது.

பெரிய குழாய் வெடித்தது அதற்கடுத்த மாதம். கடைவீதியில் தண்ணீர் மரம்போல் எழுந்து நின்றதாம். பாதி ஊருக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. அறையில் எல்லா விளக்குகளும் சிவப்பாய் எரிந்தன. பட்ட காலில் படுவதுபோல், அழைத்தவர்களைக் காத்திருக்க வைக்கும் இசையும் அன்றைக்கு நின்றுபோனது. சத்தமே இல்லையென்றதும் லைன் அறுந்துவிட்டது என்று ஜனங்கள் வைத்துவிட்டுத் திரும்பத் திரும்ப அழைத்தார்கள். வரிசை அனுமார் வாலாய் நீண்டது. சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடினார்.

"அய்யய்யோ, அந்த மியூசிக் மட்டும் ஓடிச்சுன்னா கொஞ்சம் பொறுமையா இருப்பாங்க!"

கண்டக்டர் அக்கா நாற்காலியைச் சுழற்றித் திரும்பினாள். "எதுக்கு சார் மெஷினு? பொழுதன்னிக்கும் பாட்டு முனகிக்கிட்டிருக்கிற பொண்ணு இங்க உட்காந்திருக்கு. அந்த லைன இவ மைக்குக்குக் குடுங்க."

"பாட்டா? இது ஆபீஸும்மா!"

"பாடலன்னா இன்னும் கொஞ்ச நேரத்துல ஆபீஸ் இருக்காது. ஆள் வந்து ஒடைச்சிருவாங்க."

சின்னு வேண்டாம் என்றுதான் வாயெடுத்தாள். அதற்குள் சூப்பர்வைசர் பதற்றத்தில் ஏதோ ஒரு சுவிட்சைப் போட்டுவிட்டார். அவள் காதில் திடீரென்று ஊரே கேட்டது. எத்தனையோ வீடுகளின் மூச்சு, மின்விசிறிச் சத்தம், எங்கோ அழுகிற குழந்தை, யாரோ காலிக் குடத்தை நகர்த்துகிற ஓசை. பாட்டுக்காகக் காத்திருக்கும் கூட்டமில்லை அது. தண்ணீருக்காகக் காத்திருக்கும் கூட்டம். அவளுடைய உச்சக் குரல் அவர்களில் யாருக்கும் தேவையில்லை. அந்த எண்ணம் வந்ததும் தொண்டை தானாகத் தளர்ந்தது. பஸ்ஸில் முனகிய மெட்டு வந்தது, வார்த்தை பின்னாலேயே வந்தது.

*லைன்ல இருங்க, லைன்ல இருங்க,*
*குழாய் இருமுது, கேட்டுக்கிட்டே இருங்க.*
*காத்து வந்த வழியில தண்ணியும் வரும்,*
*கோவம் வந்த வழியில சிரிப்பும் வரும்.*

கண்டக்டர் அக்காவின் விரல்கள் மேசைத் தகரத்தில் தாளம் பிடித்தன. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைத் தட்டித் தட்டியே பழகிய கை. ஒரு இடம்கூடப் பிசகவில்லை. நாலு அடி எட்டாகி, எட்டு இருபதாகி, குடத்தை நகர்த்திய சத்தம்கூடப் பாட்டுக்குள் வந்துவிட்டது. ஒவ்வொரு அழைப்பாக எடுத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்த மற்றவர்கள் சொன்னார்கள்: யாரும் திட்டவில்லையாம். ஒருவர், "இருங்க இருங்க, பாட்டு முடியட்டும், அப்புறம் புகார் சொல்றேன்" என்றாராம். 'நான் யார் தெரியுமா' ஆசாமி அன்றைக்கு மட்டும் தான் யார் என்று கேட்கவே மறந்துபோனாராம்.

மறுநாள் மேலிடத்திலிருந்து, இனிமேல் இப்படிச் செய்யக்கூடாது என்று சூப்பர்வைசரை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். அவர் சின்னுவிடம் வந்து, "மேலேருந்து திட்டு வந்திருக்கும்மா" என்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "என் சம்சாரமும் அந்த நேரத்துல லைன்ல இருந்திருக்கா. அந்த ரெண்டாவது சரணத்த எழுதிக் குடுன்னு கேக்கிறா" என்றார்.

அதே நாள் சாயங்காலம் ஒரு சலூன்காரர் அழைத்தார். நேற்று ஒரு வாடிக்கையாளரின் தலையில் ஷாம்பு நுரையோடு மாட்டிக்கொண்டவர்.

"மேடம், நேத்து பாடினது நீங்களா? நான் போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். தலையில நுரையோட அந்த ஆளு அப்படியே கண்ண மூடிக் கேட்டாரு. தண்ணி வந்த அப்புறமும் எழுந்திருக்கல. எங்க கடைக்குத் திங்கக்கிழமை லீவு. நாற்காலி சும்மாதான் கெடக்கும். வந்து பாடுறீங்களா?"

"சலூன்லயா?"

"ஏன் மேடம், எங்க கடையில காது நல்லா தெரியுற மாதிரிதான் வெட்டி விடுவோம்."

சின்னு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அதற்கப்புறம்தான் உறைத்தது. வீட்டுக்குப் போனதும் ஸ்டூலைப் போட்டு ஏறித் தலையணைகளைத் தள்ளினாள். கிடாரின் கம்பிகளை எல்லாம் தளர்த்தி, தன் புதுக் குரல் நிற்கிற இடத்துக்கு இறக்கிச் சுருதி சேர்த்தாள். தளர்ந்த கம்பிகள் முரட்டுத்தனமாக அதிர்ந்தன. பழைய சுருதியில் அந்தப் பெட்டிக்குள் இப்படியொரு சத்தம் இருக்குமென்று அவளுக்கே தெரியாது. சமையலறையிலிருந்து அக்கா கரண்டியோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.  அடுப்பில் ஏதோ தீயும் வாசனை வந்தது, அதற்கும் நகரவில்லை.

சலூனில் முதல் திங்கட்கிழமை வந்தவர்கள் நாற்காலிகளுக்கே போதவில்லை. சுற்றிலும் கண்ணாடி. சின்னு எந்தப் பக்கம் திரும்பினாலும் கழுத்தில் தழும்போடு ஒரு சின்னு பாடிக்கொண்டிருந்தாள். கட்டியை எடுத்த பிறகு ஏறிய மேடைகளில் அவள் துப்பட்டாவால் கழுத்தை மூடிக்கொண்டிருப்பாள். இங்கே மூடி என்ன பிரயோசனம், எட்டுத் திசையிலும் தெரிகிறதே என்று அதைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டாள். கண்டக்டர் அக்கா, காலியான தண்ணீர்க் கேன் ஒன்றை மடியில் கவிழ்த்துத் தாளம் போட்டாள். தண்ணீர் வந்ததைச் சொல்ல அழைத்த அம்மாளின் 'வந்துருச்சு'வைச் சின்னு ஒரு பாட்டாக்கியிருந்தாள், 'நான் யார் தெரியுமா' என்று ஒரு கிண்டல் பாட்டும் கட்டியிருந்தாள். ஆள் பேரோ தெருப் பேரோ இல்லை. ஆனால் கேட்ட ஒவ்வொருவரும் அது தன் வீட்டுக்காரர், தன் மேலதிகாரி, தன் மாமனார் என்று அடித்துச் சொன்னார்கள். "நான் யார் தெரியுமா?" என்று அவள் பாடினால், "தெரியலயே சார்!" என்று எல்லோரும் கத்த வேண்டும். கடைசி வரிசையில் நின்ற மாமா எல்லோரையும்விடச் சத்தமாக, எல்லோருக்கும் பிந்தி, எந்தச் சுருதியிலும் சேராமல் கத்தினார்.

அடுத்த திங்கட்கிழமை நாற்காலி போதவில்லை. அதற்கடுத்த வாரம் தெருவில் நின்று கேட்டார்கள். சலூன்காரர் கதவைக் கழற்றியே வைத்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் கீபோர்டுக்காரன் வந்தான். பழைய ஊரிலிருந்து தன் குழுவோடு, இந்த ஊரின் பெரிய அரங்கத்தில் நிகழ்ச்சி நடத்த வந்திருந்தான். சலூன் வாசலில் மற்றவர்களோடு ஒட்டி நின்று முழுப் பாட்டுகளையும் கேட்டான். கூட்டம் கலைந்த பிறகு உள்ளே வந்தான். அவனுக்கு ஒரு யோசனை இருந்தது, அதை வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருப்பான் போல.

"ஜனங்க இன்னும் உன்னத்தான் கேக்கிறாங்க. நீ வந்து நில்லு போதும். 'ஏணி'ய உன் பழைய ரெக்கார்டிங்லேருந்து ஓட விட்டுடறேன். நீ வாய மட்டும் அசை. ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமேடா."

"குயில் திரும்பி வந்துருச்சுன்னு ஊரே கொண்டாடும்."

"அது எங்கயோ பறந்துபோயிடுச்சு. நல்லா இருக்கட்டும்." அவள் கிடாரைப் பெட்டியில் வைத்து மூடினாள். "நீ பாட்டு கேட்டல்ல? எப்படி இருந்துச்சு, அதச் சொல்லு."

அவன் வரிசையாய் இருந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து, கண்ணாடியில் தெரிந்த அவளைப் பார்த்தபடி பேசினான்.

"அந்த 'வந்துருச்சு' பாட்டு... நாம இத்தனை வருஷமா சேந்து பண்ணினதுல ஒண்ணுகூட அதுக்குப் பக்கத்துல நிக்காது. உண்மையச் சொல்றேன்." கொஞ்சம் தயங்கினான். "அதுக்குப் பின்னால நான் வாசிக்கட்டுமா?"

ஒரு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கேள்விக்காக அவள் எதையும் கொடுத்திருப்பாள். இப்போது அந்தக் கேள்வி வந்து நின்றபோது, மனசில் எந்தப் பழைய வலியும் எழவில்லை. இவன் நல்ல தோழன் என்ற எண்ணம் மட்டும் இருந்தது.

"உனக்கு நல்ல பாடகி இருக்கா. அவகிட்ட ஒழுங்கா நடந்துக்க, போஸ்டர்ல பறவை பேரெல்லாம் வெச்சுத் தொலைக்காத. எனக்குத் தாளத்துக்கு ஆள் இருக்கு." தண்ணீர்க் கேனைத் துடைத்துக்கொண்டிருந்த கண்டக்டர் அக்காவைக் காட்டினாள்.

"ஆமா தம்பி, சீட்டு நிரம்பிடுச்சு. அடுத்த வண்டியில வாங்க" என்றாள் கண்டக்டர் அக்கா.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தான், அதை அவள் கேட்கவே இல்லை. தன்னுடைய நிகழ்ச்சி முடிந்ததும் அரங்கத்து மேலாளரைச் சலூனுக்கு இழுத்து வந்து கேட்க வைத்தான். மேலாளர் ஒரு பாட்டுத்தான் கேட்பேன் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தவர், முடிவில், "மழைக்காலத்துக்கு முன்னால ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உங்களுக்குத் தர்றேன். மேடை முழுக்க உங்களுதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனை பெரிய அரங்கம் நிரம்புமா என்று சின்னு பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டாள். நிரம்பியது. குழாய் வெடித்த நாளில் லைனில் காத்திருந்தவர்கள் பாதிப் பேர் வந்திருப்பார்கள் என்று தோன்றியது. சூப்பர்வைசர் மனைவியோடு முதல் ஆளாய் வந்து, தீப்பிடித்தால் வெளியேறும் வழி எதுவென்று விசாரித்துக்கொண்டிருந்தார். வாசலில் டிக்கெட் கிழிப்பவரோடு மாமா ஒரு மூச்சுச் சண்டை போட்டார். டிக்கெட் கையில்தான் இருந்தது. ஆனால் "நான் பாடகியோட சொந்த மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் அதைக் கொடுப்பேன் என்று நின்றார். அக்காதான் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

திரை விலகியபோது சின்னு வெறும் கழுத்தோடு, நடுமேடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தண்ணீர்க் கேனோடு கண்டக்டர் அக்கா, முட்டி வலிக்குத் தனி முக்காலியோடு. யாரோ பின்வரிசையிலிருந்து "ஏணி!" என்று குரல் கொடுத்தார். பழைய ஊர்க்காரராக இருக்கும். சின்னு மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"அதுல நான் பாதியிலயே இறங்கிட்டேங்க. இறங்கின இடம் நல்லா இருந்துச்சு. அங்கேருந்துதான் பாடப்போறேன்."

அரங்கம் சிரித்தது, உடனே அமைதியானது. அவள் முதல் சுரத்தைப் போட்டாள். அந்தக் கனத்த குரல் தரையோடு போய், வரிசை வரிசையாய் நாற்காலிகளின் கால் வழியே ஏறி, கேட்டவர்களின் நெஞ்செலும்பில் நின்றது. முன்பு அவள் பாடும்போது ஜனங்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். இப்போது முன்னால் சாய்ந்து கேட்டார்கள். 'நான் யார் தெரியுமா'வுக்கு ஆயிரம் தொண்டைகள் "தெரியலயே சார்!" என்று பதில் சொன்னபோது, மேலே தொங்கிய விளக்குகள் ஆடின. 'வந்துருச்சு'வைப் பாடியபோது ஒருவரும் இருமக்கூட இல்லை. அதில் மொத்தமே சில வரிகள்தான். ஒரு கிழவி, ஒரு குழாய், ஒரு காலை. புகார் சொல்லக் கோடிப் பேர் இருக்கிற ஊரில், நல்லது நடந்ததை ஒருத்தரிடம் சொல்லவேண்டும் என்று போனைத் தேடி எடுக்கிற ஒரு கை. அது முடிந்ததும் கைதட்டல் வரவில்லை. சின்னுவுக்கு ஒரு கணம் பழைய காப்பிக் கடையின் பயம் வந்து போனது. பிறகு இரண்டாவது வரிசையில் அக்கா எழுந்து நின்றாள். கண்ணீர் வழிய, அதைத் துடைக்கக்கூட மறந்து நின்றாள். அப்புறம் அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் எழுந்தார்கள், அப்புறம் எல்லோரும். அந்தச் சத்தம் வந்தபோது அது கடைவீதிக் குழாய் வெடித்த மாதிரிதான் வந்தது.

நிகழ்ச்சி முடிந்துவிட்டது. எழுதி வைத்த பாட்டெல்லாம் தீர்ந்துவிட்டது. ஆனால் யாரும் போகிற வழியாயில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று கால்களால் தரையைத் தட்டினார்கள். மேலாளர் ஓரத்திலிருந்து, ஆகட்டும் என்று கை காட்டினார்.

"என்கிட்ட வேற பாட்டு இல்லங்க" என்றாள் சின்னு. வியர்வை கழுத்துத் தழும்பில் வழிந்தது, முகமெல்லாம் சிரிப்பு. "எனக்குத் தெரிஞ்ச வேலை புகார் வாங்கறதுதான். யாருக்காவது ஏதாவது புகார் இருந்தா சொல்லுங்க, பாடிடலாம்."

நாலா பக்கமும் கைகள் எழுந்தன. தூக்கம் வரவில்லை என்றார் ஒருவர். மகள் போன் பண்ணுவதில்லை என்றாள் ஒருத்தி. தெரு நாய் தன்னை மட்டும் பார்த்துக் குரைக்கிறது என்றது ஒரு குரல். எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு, அரங்கத்தின் நடுவிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"எங்க வீட்டு லிப்ட் இன்னும் ஓடல!"

"அத நீங்கதான் மாமா ரிப்பேர் பண்ணணும்!"

கூட்டம் சிரித்துச் சிரித்து நாற்காலியை விட்டுச் சரிந்தது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கண்டக்டர் அக்கா கேனைத் தட்டத் தொடங்கிவிட்டாள், மாடிப்படி ஏறுகிற ஆளின் நடைபோல, ஒரு கால் கனத்து ஒரு கால் இழுத்து. அந்தத் தாளத்தைக் கேட்டதும் சின்னுவின் விரல்கள் தானாகக் கம்பியைத் தேடிப் போயின. என்ன வார்த்தை வரப்போகிறதென்று அவளுக்கு இன்னும் தெரியாது. தெரியாமலே, ஊர் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்க, வாயைத் திறந்தாள்.